கேட் புஷ், 1979: அந்த ஆறு வாரச் சுற்றுப்பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட் புஷ் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஊர் ஊராகப் போய்ப் பாடினார் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த அரை மணி நேரம் கேள்விகள்தான். பாதிக் கேள்விகள் ஒன்றே. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

யார் இந்த கேட் புஷ்?

இங்கிலாந்துப் பாடகி. 1958-இல் பிறந்தவர். பாட்டை எழுதுவது, மெட்டமைப்பது, பியானோ வாசிப்பது எல்லாம் அவரேதான். 1978 மார்ச்சில், பத்தொன்பது வயதில், தனி இசைத்தட்டாக வந்த அவருடைய முதல் பாட்டு 'வதரிங் ஹைட்ஸ்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தானே எழுதிய பாட்டோடு ஒரு பெண் அந்த இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு எமிலி பிராண்டியின் அந்த நாவல் பாடமாக இருந்திருக்கும். செத்துப்போன நாயகி கேத்தி ஆவியாக வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சும் குரலில்தான் பாட்டு நகரும். எமிலிக்கும் கேட் புஷ்ஷுக்கும் பிறந்தநாள் ஒன்றே, ஜூலை 30. வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்த பாட்டை இந்தப் பயணத்தில் பாடினாரா?

இல்லை. அது 1985-இல் வந்த 'ரன்னிங் அப் தட் ஹில்'. அந்தத் தொடரால் 2022-இல் மறுபடி கிளம்பி, வெளிவந்து 37 வருஷம் கழித்து பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. நாம் பேசப்போவது அதற்கெல்லாம் முன்னால், அவருக்கு இருபது வயதாக இருந்தபோது நடந்தது.

சரி, எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் போனார்?

1979 ஏப்ரல் 2-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையில் பூல் என்ற ஊரில் ஒரு வெள்ளோட்டம். மறுநாள் லிவர்பூல் எம்பயர் அரங்கில் முறையான தொடக்கம். அப்புறம் பர்மிங்ஹாம், ஆக்ஸ்ஃபோர்ட், மான்செஸ்டர், எடின்பரோ என்று பிரிட்டனைச் சுற்றிவிட்டு லண்டன் பல்லாடியம் அரங்கில் ஐந்து இரவுகள்.

அங்கிருந்து கடல் தாண்டி ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம், ஸ்டுட்கார்ட், மியூனிக், கொலோன், பாரிஸ், மன்ஹைம், ஃபிராங்ஃபர்ட். பத்து ஊர்களில் ஆறு ஜெர்மனியில். ஏப்ரல் 24-இல் ஸ்டாக்ஹோம், மே 10-இல் ஃபிராங்ஃபர்ட், அதாவது பதினேழு நாளில் பத்து ஊர். பிறகு லண்டனுக்கே திரும்பி ஹாமர்ஸ்மித் ஓடியனில் மே 12, 13, 14. அத்தோடு மூட்டை கட்டியாயிற்று. மொத்தம் ஆறு வாரம். அமெரிக்கா கிடையாது, ஜப்பான் கிடையாது, ஆஸ்திரேலியா கிடையாது.

போன இடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றுகூட விளையாட்டு மைதானம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் காரே அரங்கும் மியூனிக்கின் சர்க்கஸ் குரோனும் சர்க்கஸுக்காகக் கட்டியவை. பாரிஸில் பாடிய ஷான்ஸ் எலிசே தியேட்டரில்தான் 1913-இல் ஸ்டிராவின்ஸ்கியின் பாலே ஒன்றைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டு ரகளை செய்தது. நாடகம், நடனம், சர்க்கஸ் பழகிய மேடைகள் இவை. அவருக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட மேடைதான்.

இந்தப் பயணத்துக்கு 'டூர் ஆஃப் லைஃப்' என்று பெயர் வைத்தது யார்?

அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நடந்த சமயத்தில் அது வெறும் 'கேட் புஷ் டூர்'.

மற்றவர்களும்தான் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். இதில் அப்படி என்ன விசேஷம்?

1979-இல் ஒரு பாப் கச்சேரி என்றால் என்ன? நடுவில் மைக் ஸ்டாண்டு, அதைப் பிடித்துக்கொண்டு பாடுபவர், பின்னால் வாத்தியக்காரர்கள், நாலு கலர் விளக்கு, இரண்டு பாட்டுக்கு நடுவே "நல்லா இருக்கீங்களா லண்டன்" என்று ஒரு குரல். கேட் புஷ் இதில் கிட்டத்தட்ட எதையுமே செய்யவில்லை. கூட்டத்தோடு பேசவே இல்லை என்று சொல்லலாம். மூன்று அங்கம், 24 பாட்டு, 17 உடை மாற்றம், ஒவ்வொரு பாட்டும் ஒரு குட்டி நாடகம். ஒரு நாடகக் கம்பெனியே திரை, சீன், வேஷப் பெட்டி சகிதம் ஊர் ஊராகப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும்.

ஆரம்பத்தில் இருட்டில் திமிங்கிலங்களின் ஓசை வரும், அதிலிருந்து முதல் பாட்டு எழும். ஒரு பாட்டில் சாட்டின் துணி வைத்துத் தைத்த பெரிய முட்டைக்குள் படுத்துக்கொண்டு உருண்டபடி பாடுவார். கருப்பை பற்றிய பாட்டு அது. இன்னொன்றில் நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட பழைய காலத்துத் துப்பறிவாளர் மாதிரி, வேறொன்றில் மந்திரவாதியின் உயரத் தொப்பி. மூன்றாம் அங்கத்தின் முடிவில் துப்பாக்கியைத் தூக்கி நடனக்காரர்களை ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளுவார், கூட்டம் எழுந்து கத்தும். உடனே திரும்பி வந்து, இரண்டாம் உலகப்போரில் விழுந்து சாகும் விமானிகளுக்கு நடுவே தோல் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து மெதுவான ஒரு பாட்டு. 'வதரிங் ஹைட்ஸ்' கடைசியில்தான். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாட்டை அதுவரை இழுத்துப் பிடித்து வைக்க ஒரு தைரியம் வேண்டும், அந்த வயதில்.

கூட ஆடியவர்கள் இரண்டே பேர், ஸ்டூவர்ட் ஆவன் ஆர்னல்டும் கேரி ஹர்ஸ்டும். நடனம் அமைத்தவர் ஆன்டனி வான் லாஸ்ட். சைமன் டிரேக் என்ற மேஜிக்காரர் ஒருவர் விதவிதமான வேஷங்களில் நடுநடுவே வந்து போவார். ஒரு அண்ணன் ஜான் கவிதை வாசித்தார், இன்னொரு அண்ணன் பேடி மாண்டலின் முதலான வாத்தியங்கள் வாசித்தார். குடும்பத் தொழில் மாதிரிதான் நடந்திருக்கிறது.

தலையில் மாட்டும் மைக்கை இவர்தான் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

இவர் இல்லை, இவருடைய ஒலிப் பொறியாளர். ஆனால் இவருக்காகத்தான். கதை இதுதான்: புஷ்ஷுக்கு ஒரே நேரத்தில் ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் கம்பியில்லாத கைமைக் இருந்தது, ஆனால் அதைக் கையில் பிடித்தால் அந்தக் கை போயிற்று. கை போனால் அவர் லிண்ட்சே கெம்ப் என்ற நடனக் கலைஞரிடம் கற்ற மைமில், அதாவது பேசாமல் உடம்பாலேயே நடிப்பதில், பாதி போயிற்று. சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் குரலைச் சரியாகப் பிடிக்காது, ஆடும்போது துணி உரசும். அதனால் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்றை வளைத்து, தலையில் மாட்டி, வாய்க்கு முன்னால் குட்டி மைக் ஒன்று நிற்கும்படி செய்துவிட்டார்கள். ஆமாம், அலமாரியில் தொங்குமே, அதே ஹேங்கர்தான்.

பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், நீண்ட கம்பி முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு. பதினோரு வருஷம் கழித்து மடோனா தன் உலகச் சுற்றுப்பயணத்தில் இதே மாதிரி மைக்கோடு ஆடி அதை உலகத்துக்கே பழக்கப்படுத்தினார், பலர் இன்றும் அதை மடோனா மைக் என்றே சொல்கிறார்கள். இன்று பாடிக்கொண்டே ஆடும் பலர் அந்த மாதிரி மைக்கோடுதான் மேடை ஏறுகிறார்கள். அதனால்தான் ஹேங்கர் கதையை நான் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்கும் முன்னால் மேடை அனுபவம் இருந்ததா?

கொஞ்சம்தான். 1977-இல் 'கேடி புஷ் பேண்டு' என்ற பெயரில் லண்டன் மதுக்கடைகளில் பாடியிருக்கிறார், லூயிஷமில் இருந்த ரோஸ் ஆஃப் லீ அதில் ஒன்று. 1978 ஜூனில் டோக்கியோ இசை விழாவுக்காக புடோகான் அரங்கில் ஒரு பாட்டு. மற்றபடி தொலைக்காட்சிதான். நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்ற கேளிக்கைப் பூங்காவில் புதிதாகத் திறந்த பேய் மாளிகையைச் சுற்றி 1978-இல் ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள், பேய்ப் பாட்டுப் பாடுபவரைக் கூப்பிட அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா! மதுக்கடையிலிருந்து நேராக லண்டன் பல்லாடியம். நடுவில் படிக்கட்டே கிடையாது.

அந்த இடைவெளியை ஒத்திகையால் நிரப்பினார். 'த பிளேஸ்' என்ற நடனப் பள்ளியில் ஆட்டம், கிரீனிச்சில் வாத்தியக் குழுவோடு பாட்டு, கடைசியில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவிலும் ரெயின்போ தியேட்டரிலும் முழு ஒத்திகை. மாதக்கணக்கில் நடந்த ஒத்திகை, ஆறு வார நிகழ்ச்சிக்காக. கணக்குப் பார்க்கும் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

முதல் நாளே யாரோ இறந்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. பூலில் நிகழ்ச்சி முடிந்த பிறகு, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அரங்கை ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த பில் டஃபீல்ட், ஒளியமைப்புக் குழுவைச் சேர்ந்தவர், 21 வயது, இருட்டில் திறந்திருந்த இடத்தின் வழியாகக் கீழே விழுந்தார். ஒரு வாரம் கழித்து இறந்துபோனார். பயணத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்திருக்கிறார்கள். நிறுத்தவில்லை. விபத்துக்கு மறுநாளே லிவர்பூலில் திரை எழுந்தது.

மே 12-ஆம் தேதி ஹாமர்ஸ்மித் நிகழ்ச்சி அவர் குடும்பத்துக்கு உதவ நடந்தது. பில் ஏற்கெனவே பாடகர்கள் பீட்டர் கேப்ரியேலிடமும் ஸ்டீவ் ஹார்லியிடமும் வேலை பார்த்தவர் என்பதால் அவர்கள் இருவரும் வந்து மேடையேறினார்கள், புஷ்ஷின் பாட்டுகளையும் சேர்ந்து பாடினார்கள். 1980-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் பில்லுக்காக ஒரு பாட்டு இருக்கிறது, தலைப்பிலேயே அவர் பெயரோடு. அந்த கேப்ரியேல் நட்பு முக்கியம், அதற்குத் திரும்பி வருவேன்.

ஐரோப்பாவில் நிகழ்ச்சியைச் சுருக்கினார்களாமே?

ஆமாம். பிரிட்டன் முடிந்ததும் தொண்டையில் தொற்று வந்துவிட்டது. அதனால் ஸ்டாக்ஹோம் தொடங்கிச் சில இடங்களில் பாட்டுகளைக் குறைத்துப் பாடினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி ஆடிக்கொண்டே அந்த உச்சஸ்தாயியில் பாடினால் யார் தொண்டைதான் தாங்கும்? ஒரு நிகழ்ச்சியை ரத்து செய்து வீட்டுக்குப் போயிருக்கலாம், அது அவருக்குத் தோன்றவில்லை போல.

எல்லாவற்றையும் நேரடியாகத்தான் பாடினாரா, இல்லை டேப்பா?

நேரடிதான், ஒன்றைத் தவிர. 'ஹாமர் ஹாரர்' பாட்டுக்கு மட்டும் குரல் பதிவை ஓடவிட்டு முகமூடி போட்ட ஆளோடு முழுக்க ஆடினார். ஒளிக்கவும் இல்லை, அந்த ஆட்டத்தைப் பார்த்தால் மூச்சு விடவே நேரமிருக்காது, அப்புறம் எங்கே பாடுவது.

புதுப் பாட்டு ஏதாவது?

இரண்டு. 'வயலின்', 'ஈஜிப்ட்'. மற்றவை எல்லாம் 1978-இல் வந்த இரண்டு ஆல்பங்களில் இருந்தவை. ஒரே வருஷத்தில் இரண்டு ஆல்பமா என்று கேட்பீர்கள். ஆமாம், முதலாவது வெற்றி பெற்றதும் சூட்டோடு சூடாக இரண்டாவது வேண்டும் என்று கம்பெனி அவசரப்படுத்தியது. அந்த அவசரம் அவருக்குப் பிடிக்கவில்லை, பிறகு பேட்டிகளில் சொல்லியும் இருக்கிறார். மேடை நிகழ்ச்சியில் அவர் எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் மறுபடி சுற்றுப்பயணமே போகவில்லை? பயமா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கிறது. பில் இறந்த அதிர்ச்சி என்பார்கள். விமானத்தில் ஏறப் பயம் என்பார்கள். மேடைக் கூச்சம் என்பார்கள். வீட்டைவிட்டு வெளியே வராத விசித்திரப் பிறவி என்று பத்திரிகைகள் வருஷக்கணக்கில் எழுதித் தள்ளின.

விமானப் பயம்தான் காரணம் என்றால் வீட்டிலிருந்து கார் எடுத்து ஹாமர்ஸ்மித்துக்கு வந்து பாடியிருக்கலாமே, அதையும் 35 வருஷம் செய்யவில்லை. மேடைக் கூச்சம் உள்ளவர் ஹேங்கர் கம்பியை முகத்தில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு ஆடுவாரா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். பில்லின் சாவு அவரை உலுக்கியது உண்மை, ஆனால் அந்த விபத்துக்குப் பிறகுதான் ஆறு வாரமும் ஆடினார்.

அவரே சொன்னது வேறு. அந்தப் பயணம் ரொம்பப் பிடித்திருந்தது, ரொம்பக் களைப்பாகவும் இருந்தது. இன்னும் இரண்டு ஆல்பத்துக்குப் புதுப் பாட்டு சேர்ந்ததும் அடுத்த நிகழ்ச்சி போடுவது என்றுதான் திட்டம். அதற்குள் ஒலிப்பதிவுக் கூடம் அவரை இழுத்துக்கொண்டது. இங்கேதான் கேப்ரியேல் வருகிறார். அவருடைய மூன்றாவது ஆல்பத்தில் பின்னணிக் குரல் கொடுக்கப் போன இடத்தில் ஃபேர்லைட் என்ற புதுக் கருவியைப் பார்த்தார். எந்த ஓசையையும் உள்ளே வாங்கி, கீபோர்டு கட்டைகளில் வைத்து வாசிக்கலாம், கண்ணாடி உடையும் சத்தத்தைக்கூட. அவ்வளவுதான், ஆள் அதிலேயே மூழ்கிவிட்டார். 1982 ஆல்பத்தை முழுக்கத் தானே தயாரித்தார். அப்புறம் வீட்டுப் பண்ணையிலேயே ஸ்டூடியோ கட்டிக்கொண்டார், 1985-இன் அந்தப் பெரிய ஆல்பம் அங்கே உருவானதுதான்.

அதனால் என் கருத்து: அவர் மேடையிலிருந்து ஓடவில்லை. மேடையில் 1979-இல் முட்டை, திமிங்கிலம், மந்திரவாதி என்று எதைச் செய்தாரோ அதையே ஸ்டூடியோவுக்குள் ஒலியாகச் செய்ய வழி கிடைத்துவிட்டது. களைப்பும் இல்லை, உடை மாற்றமும் இல்லை, இரவு பத்து மணிக்கு லாரியில் ஏற்றும் வேலையும் இல்லை. நானாக இருந்தாலும் திரும்பிப் போயிருக்க மாட்டேன்.

அப்படியானால் 1979-க்குப் பிறகு மேடையே ஏறவில்லையா?

ஏறினார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்று. 1982-இல் இளவரசர் சார்லஸின் அறக்கட்டளை நிகழ்ச்சியில் பாடும்போது உடையின் தோள்பட்டி அறுந்துவிட, கையால் பிடித்துக்கொண்டே முடித்தார். 1986-இல் காமிக் ரிலீஃப் என்ற நன்கொடை நிகழ்ச்சி மேடையில் ரோவன் அட்கின்சனோடு சிரிப்புப் பாட்டு. ஆமாம், மிஸ்டர் பீன். 1987-இலும் 2002-இலும் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிடார்காரர் டேவிட் கில்மோரோடு. கில்மோர்தான் பள்ளி வயதில் அவருடைய பாட்டுகளைக் கேட்டுக் கைதூக்கிவிட்டவர், அந்தக் கடன் இருந்திருக்கும்.

2014-இல் மறுபடி வந்தாரே, அது சுற்றுப்பயணம் இல்லையா?

இல்லை, நின்ற இடத்திலேயே 22 நிகழ்ச்சி. ஆகஸ்ட் 26 முதல் அக்டோபர் 1 வரை, அதே ஹாமர்ஸ்மித் அரங்கு, பெயர் மட்டும் மாறியிருந்தது. டிக்கெட் எல்லாம் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்தது. ஃபோனையும் கேமராவையும் தூக்கிப் பிடிக்காதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். 1979-இல் பாடியதில் ஒரு பாட்டுகூட இல்லை, 'வதரிங் ஹைட்ஸ்'கூட இல்லை. 1979 வாத்தியக் குழுவிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் மறுபடி வந்தார், கீபோர்டு வாசிக்கும் கெவின் மெக்கலே.

1979 நிகழ்ச்சியை இப்போது பார்க்க முடியுமா?

பாதி பார்க்கலாம். மே 13 ஹாமர்ஸ்மித் நிகழ்ச்சியைப் படம்பிடித்து, அதிலிருந்து 12 பாட்டுகளை 1981-இல் வீடியோவாக விட்டார்கள், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 1994-இல் குறுந்தகட்டோடு சேர்த்து ஒரு பெட்டியாக வந்தது. 1979 ஆகஸ்டிலேயே நான்கு பாட்டு கொண்ட 'ஆன் ஸ்டேஜ்' என்ற இசைத்தட்டும் வந்து பிரிட்டனில் பத்தாம் இடம் வரை போனது. முட்டைக்குள் உருளும் பாட்டு அந்த வீடியோவில் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

படம் மங்கல்தான், ஒலியும் இன்றைய காதுக்குக் கொஞ்சம் மெலிவு. அதை எதிர்பார்த்துக்கொண்டே உட்காருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

'வதரிங் ஹைட்ஸ்' வேண்டாம், அதை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். முதலில் 'தெம் ஹெவி பீப்பிள்' பாருங்கள், கோட்டும் தொப்பியும் போட்டு ஆடுவது. இரண்டு ஆண்கள், நடுவில் இவர், கை கால் கழுத்து மூன்றும் ஒரே சமயத்தில் வேறு வேறு திசையில் போகும், குரல் மட்டும் அசையாது. அப்போது முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.